மாரிக்கு முன்னமே முடிந்துவிடும் பதவி: பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கும் தெரிவுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

பூர்வகுடி மற்றும் உள்ளூர்ச் சூழலறிவு பற்றிய ஆய்வு உதவியாளர் பதவிக்கு மறுபடியும் விண்ணப்பம் கோரியிருக்கிறீர்கள். போன முறை அந்தப் பதவியில் இருந்தவள் நான். அறிவித்தலை வாசித்து முடித்தபோது மனம் கொதித்தது. இறுதி அறிக்கையில் நாங்கள் எழுதிக் கொடுத்த பரிந்துரைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. அதே பத்து மாதம். அதே ஜனவரித் தொடக்கம், அதே ஒக்டோபர் முடிவு. புதிதாக ஒரு நிபந்தனை மட்டும் சேர்ந்திருக்கிறது: விண்ணப்பிப்பவர் சர்வதேச ஆய்விதழ்களில் இரண்டு கட்டுரைகளாவது வெளியிட்டிருக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்தப் பதவியை மூன்று ஆண்டுப் பதவியாக மாற்றுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். ஆறு என்று சொல்லக்கூடியது வழுக்கையாறு ஒன்று. அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் நாம் நம்பியிருப்பது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் போய்த் தங்கும் மழைத்தண்ணீரைத்தான். அந்த நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழத்துக்கு அது இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அப்படியென்றால் மேலே ஒரு சாண் இறங்கினாலே கீழே உவர் எவ்வளவு ஏறிவிடும் என்று யோசித்துப் பாருங்கள். கிணற்று ஏற்றமான துலா மிதித்து இறைத்த காலத்துத் தோட்டக்காரர்கள் இந்தச் சூத்திரத்தைப் படித்ததில்லை. ஆனால் எந்தக் கிணறு எவ்வளவு தாங்கும், எந்த மாதத்தில் அதை ஆறவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களில் சிலர் இன்னும் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் இருக்கிறார்கள். பங்குனியில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் அவர்கள் ஏதோ பொதுவாகச் சொல்வார்கள். கார்த்திகையில் கிணற்றுக் கட்டில் நின்று கேட்டால் ஊற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள்.

நம் ஊரை வெள்ளத்தில் தள்ளிய நிஷா புயல் வந்தது 2008 நவம்பரில். புரெவி வந்தது 2020 டிசம்பரில். இந்த இரண்டு மாதங்களும் உங்கள் ஒப்பந்தத்துக்குள் இல்லை. நிதியாண்டுக்கு வசதியாக இருக்கிறது என்று ஒருமுறை காரணம் சொன்னீர்கள். நிதியாண்டைப் பார்த்து மழை பெய்வதில்லையே, ஐயா.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கரையோரத்து ஆழமில்லாத பரவைக்கடலில் கம்பு நட்டுச் சிறகுவலை போடும் ஒரு பெரியவரிடம் ஆண்டு முழுவதும் போய்வந்தேன். காற்றைப் பற்றி, தென்மேற்குச் சோளகம் பெயர்ந்து வடகிழக்கு வாடை பிறக்கும் நாள்களில் கடல் காட்டும் அடையாளங்களைப் பற்றி எவ்வளவோ சொன்னார். மழைத்தண்ணீர் வந்து சேரும்போது மீனும் இறாலும் எப்படி இடம் மாறும் என்று கேட்கும்போது மட்டும் ஒரே பதில்தான் வரும். "மழை விழட்டும் பிள்ளை. இப்ப சொன்னா விளங்காது. தண்ணி மாறேக்க வா, காட்டுறன்."

ஒக்டோபர் 31ஆம் திகதி ஒப்பந்தம் முடிந்தது. ஒலிப்பதிவுக் கருவி, உவர்ப்பை அளக்கும் கருவி, அடையாள அட்டை எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தேன். களப்பணிக்கான காப்புறுதியும் அன்றோடு சரி. எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி காலாவதியானது. அந்த அனுமதி இல்லாமல் ஒருவர் சொல்லும் ஒரு சொல்லைக்கூட ஆய்வுத் தரவாகப் பயன்படுத்த முடியாது. அந்த விதி சரியானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மழை அதற்குப் பிறகுதான் விழுந்தது.

சொன்ன சொல்லுக்காகப் போனேன். அவர் என்னை இடுப்பளவு தண்ணீரில் இறக்கி நிற்க வைத்தார். மேல் தண்ணீர் குளிராக இருந்தது, அடித் தண்ணீர் காலில் வெதுவெதுவென்று பட்டது. மேலே மழைத்தண்ணீர், கீழே உவர் என்றார். இரண்டும் எங்கே கலக்கின்றன, எங்கே கலக்காமல் ஓடுகின்றன என்று தண்ணீரின் நிறத்தைக் காட்டிச் சொன்னார். எந்தக் கம்பை எந்தப் பக்கம் மாற்றி நட வேண்டும், காற்று திரும்பினால் அன்று வலையை ஏன் தொடக்கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். ஆண்டு முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. இடையில் என் கையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பெட்டியைக் கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டார். வேலை முடிந்துவிட்டது என்றேன். "மழை தொடங்கத்தானே பிள்ளை வேலை?" என்றார்.

அவருக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அன்று அவர் காட்டியதில் ஒரு வரிகூட உங்கள் அறிக்கையில் இல்லை. இருக்கவும் முடியாது. இந்தப் பதவியை மூன்று ஆண்டாக்குங்கள். ஒரு மாரி பொய்த்தாலும் அடுத்த மாரியைப் பார்க்கலாம். மழை பொய்த்த ஆண்டில் ஊர் எப்படிச் சமாளிக்கிறது என்பதும் இந்த ஆய்வுக்குள் வர வேண்டியதுதானே.

ஆய்வுப் பரப்பில் வாகரை, வெருகல், மூதூர்ப் பக்கத்துப் பூர்வகுடிகளான கரையோர வேடர் சமூகங்களையும் சேர்த்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. தமிழ் பேசும் அந்த மக்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பது மிகக் கொஞ்சம். ஆனால் குடாநாட்டையும் கிழக்குக் கரையையும் ஒரே ஆள் பத்து மாதத்தில் பார்ப்பது எப்படி? முன்பின் தெரியாத ஒருத்தி ஒலிப்பதிவுக் கருவியோடு போய் நின்று, காட்டையும் தேனையும் மருந்தையும் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்பது நாகரிகமா? முதலில் அவர்கள் நம்மை நம்ப வேண்டும். அதற்கே ஓராண்டு போகும். பத்து மாதத்தில் போய்விடுகிறவரிடம் யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள். அப்படிப் பேசும்படி கேட்க நமக்கு உரிமையும் இல்லை.

இந்த நாட்டில் மண்ணையும் தண்ணீரையும் பற்றிய முடிவுகள் அங்கு வாழ்கிறவர்களைக் கேட்டு எடுக்கப்படுவது அரிது. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது வேடர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த காட்டை இழந்தார்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில், அங்கே மின்நிலையம் நடத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் எத்தனை பேர் வாளியும் போத்தலுமாகத் தண்ணீருக்கு அலைந்தார்கள் என்பது வலிகாமத்தில் எல்லாருக்கும் தெரியும். இப்போது பரவைக்கடலில் கடலட்டைப் பண்ணைகளுக்கு இடம் அடைக்கிறார்கள். மீன் வரும் பாதை மறிபடுகிறது என்று கடற்றொழிலாளர்கள் சொன்னால், ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். அந்த ஆதாரத்தை எழுதி வைப்பதற்குத்தானே இந்தப் பதவி? அதை எழுத ஒருவரை நியமித்து, எழுத வேண்டிய பருவம் வரும்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டால், கடைசியில் அந்தப் பெரியவரின் பேச்சு வெறும் பேச்சாகவே போய்விடும்.

உங்கள் அறிவித்தலின் முதற் பந்தியிலேயே உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் 8(ஜே) பிரிவைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இலங்கை 1994 இல் ஏற்புறுதி செய்த சமவாயம் அது. பூர்வகுடிகளின், உள்ளூர்ச் சமூகங்களின் அறிவை மதித்துப் பேண வேண்டும், அதனால் வரும் பயனை அவர்களோடு நியாயமாகப் பகிர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. போன முறை வள்ளக்காரருக்கு எண்ணெய்க் காசு கொடுத்தால் நிதிக் கிளை பற்றுச்சீட்டுக் கேட்டது. வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்க எங்களோடு இருந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு சதம்கூட ஒதுக்கப்படவில்லை. எங்களுக்கும் சேமலாப நிதி இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுக்குக் கொடுக்காததைப் பொறுக்க முடியவில்லை.

அந்த இரண்டு கட்டுரை நிபந்தனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுந்தீவிலோ வாகரையிலோ பிறந்து வளர்ந்து இப்போதுதான் பட்டம் முடித்த ஒரு பிள்ளைக்கு இந்தப் பதவி எவ்வளவு பொருத்தம்! அந்தப் பிள்ளையை வாசலிலேயே தடுக்கிறது இது. ஆய்வுத் தொழிலின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கான பதவி என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். தமிழில் எழுதி ஊர் மக்களிடம் திருப்பிக் கொடுக்கும் அறிக்கையையும் ஆய்வு வெளியீடாகக் கணக்கில் எடுங்கள்.

கோபத்தில் நீட்டி எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் நெருக்கடிகள் உண்டு என்பதை அறிவேன். பணம்தான் தடை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஆண்டுக்கு ஓர் ஆளாக மாற்றி மாற்றி எடுக்கும் அதே பணத்தோடு, இடையில் வெறுமையாக விடப்படும் மாதங்களுக்கான தொகையை மட்டும் சேர்த்தால், ஒருவரையே மூன்று ஆண்டு வைத்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் புதியவரைப் பழக்கும் செலவும் மிஞ்சும். நிதி தருகிறவர்களுக்கு இதை விளக்கி எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வந்து எழுதித் தருகிறேன்.

மறைக்க ஒன்றுமில்லை: மூன்று ஆண்டுப் பதவியாக்கினால் நானும் விண்ணப்பிப்பேன். வேறொருவருக்குக் கிடைத்தால் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொருவராக அறிமுகம் செய்து வைப்பேன்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் திருத்திய அறிவித்தலை வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகள், இடைவெளி இல்லாமல், மாரியும் சேர்த்து.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வு உதவியாளர்,
யாழ்ப்பாணம்