பான் ஜாவ் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள கயல்,

சீனத்து ஹான் பேரரசு காலத்துப் பெண் அறிஞர் பான் ஜாவ், தன் மகள்களுக்கு எழுதிய 'பெண்களுக்கான அறிவுரைகள்' நூலைப் படித்துவிட்டு, "ஒரு பொம்பளையே இப்படி எழுதலாமாம்மா?" என்று கேட்டாயே, அது போனில் பேசி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் கோபம் நியாயமானது. பெண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அதைக் கட்டிலுக்குக் கீழே கிடத்தி, விளையாட ஓட்டுச்சில்லு கொடுக்கிற பழைய சீன வழக்கத்தைச் சொல்லி, பணிந்து போவதுதான் பெண்ணுக்கு அழகு என்று விளக்கமும் தருகிறார் பான் ஜாவ். கணவன் மறுமணம் செய்யலாம், மனைவி கூடாது. உன் பக்கம் நியாயம் இருந்தாலும் மாமியார் சொன்னதைக் கேள் என்கிறார். இதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் இவர் சாதாரண ஆள் இல்லை. அண்ணன் பான் கு கி.பி. 92-இல் சிறையில் இறந்ததும், பாதியில் நின்ற ஹான் வரலாற்று நூலை முடித்துக் கொடுத்தவர். பேரரசி டெங்குக்கே பாடம் சொன்னவர். 14 வயதில் புகுந்த வீட்டுக்குப் போனவர். 'பெண்களுக்கான அறிவுரைகள்' முன்னுரையில் மகள்களிடம் என்ன சொல்கிறார் என்று படி: எனக்கு உடம்பு முடியவில்லை, நீங்கள் கல்யாண வயதில் இருக்கிறீர்கள், போகிற இடத்தில் அவமானப்பட்டுவிடுவீர்களோ என்று கவலையாக இருக்கிறது, ஆளுக்கொரு பிரதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் ஒரு தாயின் பயம்தான் கேட்கிறது.

அப்புறம் இரண்டாம் அதிகாரம். எட்டு வயதில் பையன்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறீர்களே, பெண்களுக்கு ஏன் கூடாது என்று நேராகவே கேட்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் 'பெண்களுக்கான நான்கு நூல்கள்' என்ற தொகுப்பில் இவருடையதையும் சேர்த்தார்கள். திறமை இல்லாததே பெண்ணுக்குச் சிறப்பு என்ற பேச்சு பரவியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். பணிவைப் பிடித்துக்கொண்டு படிப்பை விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர்! எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

1907-இல் சீனப் பெண்ணியவாதி ஹே-யின் ஜென் பான் ஜாவை மிகக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அந்தக் கடுமை தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். பயந்து எழுதிய அறிவுரையும் அடுத்த தலைமுறைக்கு விலங்காகத்தானே போய்ச் சேர்ந்தது.

பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடு என்று தன் மகள்களிடம் சொல்லும் வழி அந்த அம்மாவுக்கு இருந்திருக்காது. எனக்கு இருக்கிறது. உன் கல்யாணப் பேச்சு வரும்போது அத்தைகள் எல்லாரும் 'அனுசரித்துப் போ' என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். உனக்கு மரியாதை இல்லாத வீட்டில் ஒரு நாளும் இருக்காதே, கிளம்பி வா.

ஒன்று கேட்கிறேன். பான் ஜாவின் நாத்தனார் ட்சாவ் ஃபெங்ஷெங் அந்த நூலை மறுத்து எழுதியிருக்கிறார். மறுப்பு கிடைக்கவில்லை, எழுதினார் என்ற குறிப்பு மட்டும் வரலாற்றில் இருக்கிறது. பான் ஜாவ் பற்றி நீ எழுதும் கட்டுரையில் அவர் பெயரை விட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா