ரத்தம் எடுத்த நேரம்

ஆசிரியருக்கு,

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் தீவிரமாகி அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்போருக்கு ரத்தக் குறியீடுகள் எந்த அளவுக்கு உதவும் என்பது பற்றிய தங்கள் நாளிதழ்க் கட்டுரை பயனுள்ளது. புரோகால்சிட்டோனின் என்ற ரத்தப் புரதம் உயர்ந்தால் பாக்டீரியா தொற்றைச் சந்தேகிக்கலாம். ஈசினோபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 300-ஐத் தாண்டினால், இன்ஹேலர் வழி ஸ்டீராய்டு பலன் தர வாய்ப்பு அதிகம். ஆனால், ரத்தம் எப்போது எடுக்கப்பட்டது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ஸ்டீராய்டு ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே ஈசினோபில் எண்ணிக்கை சரிந்துவிடும்.

என் தந்தை மூச்சுத்திணறலுடன் அனுமதிக்கப்பட்டபோது அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யம் என்று அறிக்கை வந்தது. முந்தைய இரவே வேறோர் இடத்தில் ஸ்டீராய்டு செலுத்தியிருந்தார்கள். பரிந்துரைக் கடிதத்தில் அந்த விவரம் இல்லை. பழைய அறிக்கைகளை அம்மா பத்திரப்படுத்தியிருந்ததால்தான் (எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை) மருத்துவருக்கு உண்மை நிலவரம் தெரிந்தது. எனவே, பரிசோதனைக்கூட அறிக்கைகளில் ரத்தம் எடுத்த நேரத்தின் பக்கத்திலேயே, கடைசியாக ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக் கொடுத்த நேரத்தையும் குறிக்க ஒரு கட்டம் சேர்க்கலாம்.

- ஒரு வாசகர்