உரக்குழியில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?

எல்லோருக்கும் வணக்கம். கொல்லையில் புதிதாக உரக்குழி போட்டவர்கள் பலர் நாற்றம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரக் கழிவு கூடி, காய்ந்தது குறைந்தால் அப்படித்தான் ஆகும். ஒரு கூடை காய்கறித் தோலுக்கு 2, 3 கூடை சருகு போடுங்கள். மாவிலை, வாழைச்சருகு, வைக்கோல் எதுவானாலும் சரி. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். அதுதான் பதம்.

டீத்தூள் சக்கையைப் பாலும் சர்க்கரையும் போக ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு மொய்க்கும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். தேங்காய் நார் மட்க நாளாகும், பிய்த்துப் போடுங்கள்.

மீன், கறி, எண்ணெய்ப் பதார்த்தம், மீந்த குழம்பு வேண்டவே வேண்டாம், எலி வரும். மாட்டுச் சாணம் நல்லது. ஆனால் நாய், பூனைக் கழிவில் புழு முட்டைகள் இருக்கலாம். கீரைப்பாத்திக்குப் போகும் உரம் இது, தயவுசெய்து கலக்காதீர்கள்.

அப்புறம், களை. போன வருடம் கோரையைக் கிழங்கோடு போட்டுவிட்டேன். அந்த உரம் போட்ட கத்தரிப்பாத்தி முழுக்கக் கோரை முளைத்தது, மாதக்கணக்கில் பிடுங்கினேன். வீட்டுக் குவியல் கிழங்கைச் சாகடிக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. பூத்த பார்த்தீனியச் செடியின் விதையும் அப்படித்தான், சாகாது.

ப்ளைவுட் தூளில் பசை இருக்கும், கடை பில் தாளில் ரசாயனப் பூச்சு இருக்கும். இரண்டும் வேண்டாம். செய்தித்தாளைக் கிழித்துப் போடலாம். சந்தேகமான பொருள் என்றால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.