சொக்கனை ரோபோ ஆக்கச் சொல்லாதீர்கள்

அறிவியல் சிறுகதைப் போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு நீங்கள் அறிவித்திருக்கும் விதிகளைச் சென்ற வாரம் படித்தேன். ஏழாவது விதி புதியது. தெய்வங்களைக் கதைமாந்தர்களாக வைத்து எழுதும் கதைகள் ஏற்கப்படமாட்டா என்கிறது. அது யாருடைய கதையால் வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நமக்குள் எட்டு மாதம் நடந்த கடிதப் போக்குவரத்தை இங்கே கொட்டப் போவதில்லை. ஏழாவது விதியை நீக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தனியாக எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லாததால் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

மற்றவர்களுக்காக, நான் போட்டிக்கு அனுப்பிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலாவில் ஒரு குடியிருப்பு. சூரியப் புயல் வரப்போகிறது. கதிர்வீச்சு உள்ளே வராமலிருக்கக் கூரைகளின் மேல் நிலா மண்ணைக் கனமாகக் கொட்ட வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். யாருமில்லாத ஒரு கிழவியால் தன் பங்கைச் செய்ய முடியவில்லை. சொக்கன் என்று ஒரு கூலியாள் வருகிறான். உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கேட்கிறான். தின்கிறான், பாடுகிறான், தூங்கிவிடுகிறான். மேற்பார்வையாளன் அவன் முதுகில் ஓர் அடி போடுகிறான்.

மதுரைக்காரர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆவது படலம், மண் சுமந்த படலம். அங்கே வைகையின் கரையை அடைக்க, வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வருபவர் சொக்கன் என்கிற சிவன். வைகை வெள்ளத்துக்குப் பதிலாகச் சூரியப் புயலை வைத்தேன், வந்திக் கிழவியை வந்தியாகவே விட்டேன். ஆவணி மூலத்தில், இந்தக் கதை மதுரையில் திருவிழாவாக நடக்கும் புட்டுத்தோப்புக்குப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போன காலத்திலிருந்து என் மனதில் இருந்த கதை அது.

முதலில் பெயரை மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன். அப்புறம் அடி வேண்டாம் என்றீர்கள். அடியை எடுத்துவிட்டு ஒரு திட்டு வைத்தேன். எடுக்கும்போதே கதை செத்துக்கொண்டிருப்பது தெரிந்தது, ஆனாலும் உங்கள் மேல் இருந்த மரியாதையால் செய்தேன். மூன்றாவதாக, வந்தவன் வேற்றுக்கிரகவாசி என்றோ பழைய ரோபோ என்றோ கடைசிப் பத்தியில் தெரிந்தால் அறிவியல் கதையாகிவிடும் என்றீர்கள். அதையும் எழுதி அனுப்பினேன். பிறகுதான், மொத்தமாகவே ஏற்பதற்கில்லை என்ற ஒரு வரி வந்தது.

அந்த மூன்றாவது திருத்தத்தை எழுதிய இரவை என்னால் மறக்க முடியவில்லை. சொக்கனின் முதுகுத் தோல் கிழிந்து உள்ளே கம்பிகள் தெரிவதாக எழுதினேன். எழுதி முடித்ததும் பாட்டியை நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு எதையும் படிக்கவோ எழுதவோ பல நாள் பிடிக்கவில்லை.

அடி விழும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதுதான். புராணத்தில் பாண்டியன் அடித்த அடி பாண்டியன் மேலும், அரசி மேலும், அமைச்சர் மேலும், உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் விழுகிறது. என் கதையில் நிலாவில் இருக்கிற எல்லோருக்கும் முதுகில் அடி விழுகிறது. பூமியில் இருப்பவர்களுக்கும் விழுகிறது. நிலாவிலிருந்து பூமிக்கு ஒளி வந்து சேரவே சுமார் 1.3 விநாடி ஆகும். ஆனால் பூமியில் பதிவான நேரத்துக்கும் நிலாவில் பதிவான நேரத்துக்கும் இடைவெளியே இல்லை. கதையில் வரும் இளம் பொறியாளர் கடிகாரங்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறாள். பிழை இல்லை. அங்கே கதை முடிகிறது.

இதற்கு விளக்கம் வேண்டும், குவாண்டம் பிணைப்பு என்று ஒரு வரி போடுங்கள் என்று உங்கள் நடுவர் ஒருவர் எழுதினார். ஐயா, தொலைவில் இருக்கும் இரு துகள்களின் நிலைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருப்பதுதான் குவாண்டம் பிணைப்பு. அதைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது என்பது இயற்பியலில் நிறுவப்பட்ட விஷயம். நீங்கள் கேட்ட வரி பொய்யான அறிவியல். தன் கருவிகளைச் சரிபார்த்துவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று குறித்து வைக்கும் பெண்ணின் செயல் அறிவியல். இந்த இரண்டில் எது அறிவியல் கதைக்கு உரியது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பக்தர்களின் மனம் புண்படும் என்றும் எழுதியிருந்தீர்கள். திருவம்மானையில் மாணிக்கவாசகர் என்ன பாடுகிறார்?

"கண்சுமந்த நெற்றிக் கடவுள் கலிமதுரை
மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு
புண்சுமந்த பொன்மேனி பாடுதுங்காண் அம்மானாய்"

கூலி வாங்கியதையும், மொத்துப்பட்டதையும், புண் சுமந்ததையும் பெண்கள் காய்களை வீசிப் பிடிக்கும் அம்மானை ஆடிக்கொண்டே பாடுகிறார்கள். இது பக்திப் பாட்டு. சுந்தரருக்காகப் பரவையார் வீட்டுக்குத் திருவாரூர்த் தெருவில் இரவில் இரண்டு முறை தூது நடந்தவர் சிவன் என்று எழுதிய சேக்கிழாரை நாம் தெய்வச் சேக்கிழார் என்கிறோம். 1940களில் புதுமைப்பித்தன் கதையில் கடவுள் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடித்தார். மனிதனாக வந்து, பசித்து, அடிபட்டு நிற்கிற கடவுள் நமக்குப் புதியவர் அல்ல. நிலாவுக்கு மட்டும் அவர் வரக்கூடாதா?

வெளிநாட்டில் ரோஜர் ஜெலாஸ்னி 1967இல் எழுதிய ஒரு நாவலில், வேறொரு கிரகத்தில் குடியேறிய மனிதர்கள் இயந்திரங்களின் துணையோடு எமனாகவும் அக்னியாகவும் காளியாகவும் ஆட்சி செய்கிறார்கள். மறு ஆண்டு அதற்கு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது கிடைத்தது. நல்ல நாவல், நானும் விரும்பிப் படித்தேன். அங்கே மனிதர்கள் கடவுள் வேடம் போடுகிறார்கள். நம் கதைகளில் கடவுள் மனித வேடம் போடுகிறார். அது ஒரு திசை, இது எதிர்த்திசை. முதல் திசைக்கு மட்டும்தான் அறிவியல் கதை என்று பெயர் என்றால் அதை நான் ஏற்கமாட்டேன்.

அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் மூன்றாம் விதியையும் எனக்கு நினைவூட்டினீர்கள். மிக முன்னேறிய தொழில்நுட்பம் மாயம் போலத் தோன்றும் என்கிறது அது. மாயம் போலத் தோன்றுவதெல்லாம் தொழில்நுட்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதே கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1950களில் திருகோணமலைக் கடலில் மூழ்கி, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களைப் பார்த்தவர்கள். கிளார்க் கடைசி வரை மதநம்பிக்கை இல்லாதவராகவே இருந்தார். வில்சன் பிற்காலத்தில் துறவியாகி சுவாமி சிவ கல்கி ஆனார். ஒரே கடலில் இறங்கி ஒரே கற்களைப் பார்த்த இருவர். ஒரு கதையைப் படிக்கிறவர்களும் அப்படி இரண்டு பக்கமும் போகட்டுமே. கடைசிப் பத்தியில் கதவைச் சாத்தி வைக்கச் சொல்வது ஏன்?

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. புஷ்பக விமானம் உண்மையிலேயே பறந்தது, புராண காலத்திலேயே அணு ஆயுதம் இருந்தது என்று எழுதுகிறவர்களை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. கதையை அறிவியல் என்று சொல்கிறவர்களுக்கு மேடை கிடைக்கிறது. கதையைக் கதை என்று சொல்லி எழுதுகிறவனுக்குத் தடை. உங்கள் குழுவை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழில் அறிவியல் கதைக்கென்று இருக்கிற இடங்களே குறைவு. அங்கேயும் ஒரு கதவை நீங்கள் மூடினால், இனி எழுத வருகிற பிள்ளைகள் அனுப்புவதற்கு முன்பே சொக்கன், வள்ளி என்ற பெயர்களை வெட்டிவிட்டு, ரோபோவுக்கு வைப்பது போல ஏதோ ஒரு எண்ணை எழுதி அனுப்புவார்கள். அதுதான் என் கவலை. என் கதைக்குப் பரிசு வேண்டாம், அந்தப் போட்டி முடிந்துவிட்டது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லாமல் இரவில் கண்விழித்து நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிக்கிறவர்கள் நீங்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கதை மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். கடவுள் வருகிறார் என்பதற்காகத் திருப்பாதீர்கள். ஏழாவது விதியைத் தயவுசெய்து நீக்குங்கள்.

கதையின் முதல் வடிவத்தை, நீங்கள் திருத்தச் சொல்வதற்கு முன் இருந்தபடியே, இத்துடன் மறுபடி இணைத்திருக்கிறேன். அடி விழும் இடம் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. குழு அடுத்து கூடும்போது அந்தப் பக்கத்தை மட்டும் யாராவது ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
வந்தியின் கதையை மூன்று முறை திருத்தி எழுதியவன்