நாங்கள் ஒத்துழைக்கவில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் வெளியிட்ட செய்தி ஒன்றில், ஊர் சுத்தமாக இல்லாததற்கு மக்கள் ஒத்துழைக்காததே காரணம் என்று ஓர் அதிகாரி சொல்லியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மதுரைக்குப் பக்கத்து நகராட்சி ஒன்றில் வரி கட்டிக் குடியிருப்பவள் நான். மக்கும் குப்பை ஒரு வாளி, மக்காதது ஒரு வாளி என்று பிரித்துத்தான் கொடுக்கிறோம். பேட்டரி வண்டியில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன. கேட்டால், நடுத்தடுப்பு உடைந்து ரொம்ப நாளாச்சு என்கிறார் குப்பை வாங்க வரும் அம்மா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கையுறைகூட இல்லாமல் அள்ளுகிறார்.

வாறுகால் (தெருச் சாக்கடை) விஷயம் இதைவிட மோசம். தூர்வாருகிறோம் என்று கறுப்பு மண்ணை அள்ளி வாசலிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அதை எடுக்க வண்டி வருவதில்லை. வெயிலில் காய்ந்து, பஸ் போகும்போதெல்லாம் புழுதியாக வீட்டுக்குள் வருகிறது. ஒரு மழை பெய்தால் மொத்தமும் மறுபடி வாறுகாலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அப்புறம் திரும்பவும் தூர்வார ஆள் வருகிறார்கள்.

2022-ல் சொத்து வரியை ஏற்றினார்கள். 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கே 25 சதவீதம், 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி வேறு. முணுமுணுத்துக்கொண்டாவது கட்டினோமே, அது ஒத்துழைப்பு இல்லையா? 2016-லிருந்து 2022 வரை கவுன்சிலரே கிடையாது. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் பொறுத்துக்கொண்டோம். தேர்தல் முடிந்தது, ஏரியா சபை கூட்டி மக்கள் குறையைக் கேட்க வேண்டும் என்று விதியும் வந்தது. எங்கள் தெருவுக்கு ஒரு தடவைகூடத் தகவல் வரவில்லை.

2025-ல் மத்திய அரசு வெளியிட்ட தூய்மைப் பட்டியலில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரைக்குக் கடைசி இடம். மீனாட்சி பட்டணத்துக்கு இந்த நிலை. கோயம்புத்தூரிலிருந்து வந்த சம்பந்தி அதைக் கேட்டபோது தலை நிமிர முடியவில்லை. அந்தப் பழியையும் எங்கள் தலையில் கட்டுவது நியாயம்தானா, நீங்களே சொல்லுங்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை ஐயா. வாறுகாலில் அள்ளிய மண்ணை அன்றைக்கே ஏற்றிப் போக ஒரு டிராக்டர் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த ஏரியா சபை எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்று முன்கூட்டியே உங்கள் பத்திரிகையில் போடுங்கள். நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
மதுரை மாவட்டம்