வாத்தியார் கொச்சையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களை இப்படி விளிக்கும்போதே சிரிப்பு வருகிறது. பத்திரிகை நடத்துபவர், புத்தகம் எழுதுபவர், கரும்பலகை முன்னால் நிற்பவர் மூன்று பேருக்கும் தமிழில் ஒரே பெயர்தானே! ஆசிரியர் நாள் இதழில் வந்த சொல்லாய்வுக் கட்டுரையைப் படித்தேன். ஆசிரியர், ஆசான், தேசிகர், அடிகள் எல்லோருக்கும் ஆசனம் போட்ட கட்டுரையாளர், ‘வாத்தியார் என்பது கொச்சை, வஸ்தாது என்பது ரவுடிப் பேச்சு’ என்று ஒரே வரியில் எங்கள் வடசென்னையை வாசலோடு நிறுத்திவிட்டார். தண்டையார்பேட்டைப் பக்கம் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

உபாத்தியாயர் தேய்ந்து வாத்தியார் ஆனார். சரி. ஆசிரியர் மட்டும் எங்கிருந்து வந்தார்? ‘ஆசு இரியர், அதாவது குற்றத்தைப் போக்குபவர்’ என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மொழி ஆய்வாளர்கள் பலர் அதை ‘ஆசார்ய’ என்ற வடசொல்லோடுதான் சேர்க்கிறார்கள். இரண்டும் ஒரே திசையிலிருந்து வந்த விருந்தாளிகள் என்றால், ஒருவருக்கு அங்கவஸ்திரம், இன்னொருவருக்குக் கைலியா?

வஸ்தாது கதை இன்னும் சுவையானது. உருதுவில் உஸ்தாத் என்றால் ஆசான். சித்தார் வாசிப்பவர் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வந்தால் எழுந்து நின்று கும்பிடுகிறோம். அதே சொல் ராயபுரத்துச் சந்துக்குள் வந்து வஸ்தாது ஆனால் போலீஸைக் கூப்பிடத் தோன்றுகிறது. சிறுவயதில் எனக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வஸ்தாது. ரேகை வைப்பார், கையெழுத்து வராது. கம்பைத் தொடுவதற்கு முன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வார். என் பின்னங்கால் குதிகால் கொஞ்சம் தூக்கினால் போதும், கம்பு நுனியால் அதை மெதுவாக அழுத்தி இறக்கிவிடுவார். ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆறு மாதம் அந்தக் குதிகால் ஒன்றுதான் பாடம்.

குத்துச்சண்டைக்காரர்களைப் பாருங்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்பார்கள். அங்கே பரம்பரை என்பது ரத்த உறவு இல்லை. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்பதுதான். வைணவர்கள் குருபரம்பரை என்று சொல்லும் அதே பொருளில், கையுறை மாட்டிய ஆட்கள் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பேட்டையின் பெயரையே ஒரு ஞானிக்குத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள் பெரியவர்கள். தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், குணங்குடி மஸ்தான் சாகிபாக இங்கே வந்து தங்கினார். தொண்டியார் இருந்த இடம் தொண்டியார்பேட்டை, அது திரிந்து தண்டையார்பேட்டை என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. அவர்மேல் நான்மணிமாலை பாடியவர் சரவணப்பெருமாள் ஐயர். பாடும்போது யாரும் மதம் கேட்கவில்லை.

பட்டங்கள் பற்றியும் கட்டுரையில் ஒரு பத்தி இருந்தது. ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்த வள்ளலாரை அங்கே நினைத்திருக்கலாம். 1867-இல் திருவருட்பா அச்சேறுவதற்கு முன்பு, தன்னை ‘இராமலிங்கசாமி’ என்று வழங்குவது தனக்குச் சம்மதமில்லை, அது ‘ஆரவாரத்திற்கு அடுத்த பெயர்’ என்று தன் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதினார். இன்று மணிக்கூண்டிலிருந்து திருவொற்றியூர் வரை போய் வாருங்கள், பேனருக்குப் பேனர் ஒரு குருஜி, பணம் கட்டி வாங்கிய ஒரு டாக்டர். சரி, அந்த வம்பு வேண்டாம்.

பவணந்தி முனிவர் தம் இலக்கண நூலான நன்னூலில் ஆகாத ஆசிரியருக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று முடத்தெங்கு. நம் வீட்டில் தண்ணீர் குடித்து, வளைந்துபோய்ப் பக்கத்து வீட்டில் காய் போடும் தென்னை. இதை நடத்தி முடித்ததும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “சார், அது நம்ம ட்யூஷன் சாரு!” என்றான். வகுப்பில் வாயே திறக்காமல் மாலையில் வீட்டில் பாடம் நடத்திய ஒரு சக ஆசிரியரைத்தான் சொன்னான். பவணந்தி முனிவரை அவ்வளவு சுருக்கமாக யாரும் உரை சொல்லி நான் கேட்டதில்லை.

அதே பையன் இப்போது காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். போன வாரம் வஞ்சிரம் வாங்கப் போனவன், அவனைப் பார்த்து நின்றேன். முழங்கை வரை கிரீஸ். உதவிக்கு இருந்த சின்னப் பையன், “வாத்தியாரே, 14-ஆ 17-ஆ?” என்று ஸ்பேனரை நீட்டினான். இவன் கூச்சப்பட்டு, “டேய், சார் நிக்கிறாரு, என்னியப் போயி வாத்தியார்ன்ற” என்றான். சின்னவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்: “இவுரு இன்னா இன்ஜின் பாப்பாரு?”

அடுத்த இதழில் வஸ்தாதுக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81