எங்கள் தோட்டத்து வீட்டைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புடையீர்,

சென்ற ஐப்பசி மழையில் ஆசாரத்துக் (முன்கூடத்துக்) கூரையின் ஒரு பக்கம் இறங்கியபோது, காங்கேயத்துக்கு அருகிலுள்ள எங்கள் தொட்டிக்கட்டு வீட்டை, அதாவது நடுவில் வானம் பார்த்த தொட்டி முற்றம் உள்ள ஓட்டு வீட்டை, இடித்துவிட்டுத் தளம் போட்ட தார்சு வீடு கட்டிக்கொள்ளலாம் என்றுதான் பங்காளிகள் நாங்கள் பேசி வைத்திருந்தோம். இன்று அதே ஆசாரத்தில் உட்கார்ந்து இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் வணக்கம் கொத்தனார் ஐயாவுக்கு. நாங்கள் இறக்கிய சிமெண்ட் மூட்டைகளை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி சுவரே உதிர்ந்துவிடும் என்றார். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டுச் சுண்ணாம்பு அரைத்த நாட்களில் வீடே புளிப்பு நெடி அடித்தது. அதில் கை வெந்துபோயும் முகம் சுளிக்காத சித்தாள் பெண்களுக்குக் கூலி கொடுத்ததோடு கணக்கு தீர்ந்துவிடவில்லை.

எங்கள் பெருமையைக் கவிழ்த்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் நன்றி! கூரை ஓட்டின் அடியில் 'பேசல் மிஷன், 1865' என்ற முத்திரை இருக்கிறது. அதைக் காட்டியே வீட்டுக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் என்று வந்தவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தோம். அது பேசல் மிஷன் என்ற கிறித்துவ சபை மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு அல்ல என்று அவர் சிரிக்காமல் சொன்னார். முதல் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் வசம் போய்விட்டதால், மிஷன் பெயர் பொறித்த ஓடு அதற்கு முந்தியது என்பது மட்டும் எங்களுக்கு மிஞ்சிய ஆறுதல். பழைய பத்திரங்களையும் அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார். பாட்டனார் காலத்துப் பாகப்பத்திரத்தில் இது வெறும் கூரை வீடு; அவருடைய மகனான அப்பாரு (அப்பாவின் அப்பா) எழுதியதில்தான் ஓட்டு வீடு. ஒரு தலைமுறை குறைந்தது. அப்பா இருந்திருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பார்.

கிணற்று மேட்டிலிருந்த இரண்டு கல்தூண்களை வேலிக்குப் பெயர்க்க இருந்தோம். தெற்குத் தோட்டத்து ஆத்தா தடியை ஊன்றிக்கொண்டு வந்து தடுத்தார். கவலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் ஏற்பாடு) ஓட்டிய தூண்கள் அவை. மோட்டார் வரும்வரை காங்கேயம் காளைகள் தோல்பறியில் நீர் இறைத்தது அங்கேதான். கயிறு தேய்த்த பள்ளத்தில் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

தன் பங்கை விற்காமல் விட்டுக்கொடுத்த பெரியப்பா மக்களுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆகவே சொல்லவில்லை.

வடக்கு அறையில் கரையான் தின்ற விட்டம் இன்னும் மாற்றப்படவில்லை. தச்சர் ஆடி கழியட்டும் என்கிறார். தொட்டியில் மழை விழத் தொடங்கியதும் சொல்லி அனுப்புகிறோம். கம்பஞ்சோறும் தயிரும் தயாராக இருக்கும், அனைவரும் வந்துவிடுங்கள்.